அடிவாரம் வரை போதும்

(விழா மாலை அமர்வில் நிகழ்த்தப்பெற்ற உரை)

அவையில் வீற்றிருக்கும் சான்றோர்க்கும், தாய்மார்க்கும், கைக்குழந்தையோடு பின்வரிசையில் அமர்ந்திருக்கும் இளம்பெற்றோர்க்கும் வணக்கம். பின்வரிசை என்று தனியே குறிப்பிட்டதற்குக் காரணம் உண்டு. எந்த மண்டபத்திலும் குழந்தையோடு வருவோர் வாயிலுக்கு அருகிலேயே இடம் தேடுவர். பிள்ளை அழுதால் எழுந்து வெளியேற வேண்டுமே என்ற கவலை அவர்களுக்கு. ஆகவே பேச்சின் பாதி அவர்கள் காதில் விழுவதே இல்லை. இவ்வுரை முதலில் அவர்களுக்கு உரியது. முன்வரிசையில் இருப்போர் பாட்டன் பாட்டி என்ற முறையில் கேட்டருளலாம்.

ஒன்றரை வயது முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தையை ஞாயிற்றுக்கிழமை எங்கே அழைத்துச் செல்வது? விழா மேடையில் பேசுதற்குரிய பொருளா இது என்று சிலர் வியக்கக்கூடும். ஆனால் சேலம் போன்ற ஒரு மாநகரில் ஓர் இளம் குடும்பம் இவ்வினாவுக்கு விடை காண முற்பட்டால், தெரு, பேருந்து, பூங்கா, மலைச்சாலை, குரங்கு, சட்டம், பாட்டியின் முழங்கால் வலி ஆகிய அனைத்தும் அதற்குள் வந்து சேர்ந்துவிடுகின்றன.

செவ்வாய்பேட்டைப் பக்கத்தில் ஒரு வீட்டை மனத்தில் நிறுத்திக்கொள்ளலாம். இன்னாருடைய வீடு என்று சுட்ட வேண்டுவதில்லை; அத்தகைய வீடுகள் அங்கே பல. கீழே கடை, மேலே குடியிருப்பு. தாத்தா, பாட்டி, மகன், மருமகள், இருபது மாதப் பேத்தி. மாடிப்படியின் தலைப்பில் குறுக்கே ஒரு பலகை. அப்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்று தெருவைப் பார்ப்பதே குழந்தையின் காலைப்பொழுது. கீழே மூட்டை இறக்கும் சரக்கு வண்டிகளும், நிறுத்தி வைத்த இருசக்கர வண்டிகளும் தெருவின் இருபுறமும் நெருங்கி நிற்கும். பெரியவர்களின் முழங்காலுக்குக் கீழே இருக்கும் சூடான புகைக்குழாய் அக்குழந்தைக்கு மார்பு உயரம். சாக்கடையின் மேல் பெயர்ந்த கல்லைப் பெரியவர் ஒரே எட்டில் தாண்டுவர். அவளுக்கோ அது பள்ளத்தாக்கு. பத்தடி நடத்திக் கூட்டிச் சென்றதும் அம்மாவுக்கு அச்சம் வந்துவிடும். தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்வாள். நகரத்துக் குழந்தைகளில் பெரும்பாலோர் தம் தெருவைப் பார்த்திருப்பது அம்மாவின் இடுப்பிலிருந்துதான்.

நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த பெர்னார்ட் வான் லீர் அறக்கட்டளை 2016ஆம் ஆண்டில் 'அர்பன் 95' என்றொரு திட்டத்தைத் தொடங்கிற்று. 95 என்பது சென்டிமீட்டர். நலமாக வளரும் மூன்று வயதுக் குழந்தையின் சராசரி உயரம். நகரத்தை அமைப்போர் அந்த உயரத்தில் கண்ணை வைத்துப் பார்த்தால் எதையெதை மாற்றுவர் என்பதே அத்திட்டம் எழுப்பும் கேள்வி. இந்திய அரசின் வீட்டுவசதி, நகர்ப்புற அலுவல்கள் அமைச்சகமும் அவ்வறக்கட்டளையோடு சேர்ந்து 2020ஆம் ஆண்டு நவம்பரில், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு உகந்த குடியிருப்புப் பகுதிகளை உருவாக்கும் போட்டித் திட்டமொன்றை அறிவித்தது. அதில் முதற்கட்டத்தில் தேர்ந்தெடுக்கப்பெற்ற 25 நகரங்களுள் சேலமும் ஒன்று; கோயம்புத்தூர், ஈரோடு, திருப்பூர் ஆகியவையும் உடன் இருந்தன. தாத்தாக்களுக்கு இச்செய்தி புதிதாக இருக்கலாம்.

குழந்தைக்கு நடை என்பது எத்துணைப் பெரிய வேலை என்பதை அறிந்தால் இந்தக் கவலை வீண் அன்று என்பது விளங்கும். நியூயார்க் பல்கலைக்கழகத்தின் காரன் அடால்ஃப் என்னும் அறிஞரும் அவர்தம் குழுவினரும் 12 மாதம் முதல் 19 மாதம் வரையுள்ள குழந்தைகளைத் தாமாக விளையாட விட்டு, ஒவ்வோர் அடியையும் எண்ணினர். 2012ஆம் ஆண்டில் வெளிவந்த அவ்வாய்வின்படி, ஒரு மணி நேரத்தில் ஒரு குழந்தை சராசரியாக 2,368 அடிகள் எடுத்து வைக்கிறது. ஏறத்தாழ 700 மீட்டர் நடக்கிறது. 17 முறை விழுகிறது. பதினேழு முறை! பெரியவர் ஒருவர் மணிக்குப் பதினேழு முறை விழுந்தால் மறுநாள் படுக்கையை விட்டு எழமாட்டார். குழந்தை எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு அடுத்த அடிக்குப் போகிறது. விழுவதற்கு ஏற்ற தரை வேண்டும் என்பதே அதன் ஒரே தேவை. செவ்வாய்பேட்டையின் மாடியில் பளிங்குத் தரையும் இரும்புக் கட்டிலின் முனையும் உண்டு. விழுவதற்கு ஏற்ற தரை இல்லை.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட நெறிமுறைகளும் இதையே வேறு வகையில் கூறுகின்றன. ஒன்று, இரண்டு வயதுக் குழந்தைகள் நாளொன்றுக்கு 180 நிமிடங்களேனும் உடலசைத்து ஆட வேண்டும். தள்ளுவண்டியிலோ நாற்காலியிலோ முதுகிலோ ஒரே தொடராக ஒரு மணி நேரத்துக்கு மேல் கட்டிவைக்கலாகாது. ஒரு வயதில் திரை அறவே வேண்டாம். இரண்டு வயதில் ஒரு மணி நேரத்துக்கு மிகாமல். கைப்பேசியைக் காட்டாமல் சோறு ஊட்டும் வீடு இன்று எத்தனை என்று இவ்வவையில் கேட்பது நாகரிகம் ஆகாது.

அந்தச் செவ்வாய்பேட்டைக் குடும்பம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு செல்ல முடிவு செய்தது.

சேலத்தைச் சூழ மலைகள் உள்ளன. வடக்கே நகரமலை, தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை. இவற்றுக்கெல்லாம் பெரியதாய் வடக்கே சேர்வராயன் மலைத்தொடர். அஸ்தம்பட்டியைக் கடந்து, கோரிமேட்டைக் கடந்து, வீடுகள் குறையக் குறைய மலை நெருங்கி வரும். மலை தொடங்கும் இடத்துக்கு அடிவாரம் என்றே பெயர். ஊர்ப்பெயர் வேறு தேவைப்படவில்லை. பேருந்தில் "அடிவாரம் ஒன்று" என்று சீட்டுக் கேட்டால் நடத்துநர் எந்த மலைக்கு என்று கேட்பதில்லை. அங்கிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏற்காடு. 1820ஆம் ஆண்டு வாக்கில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் என்பவர் காப்பிச் செடியைக் கொண்டு சென்று நட்ட மலை அது. இன்று மே மாதக் கோடை விழாவும், படகுத் துறையும், அண்ணா பூங்காவும், பகோடா முனையும் அதன் அடையாளங்கள்.

காலை பத்து மணிக்குக் கிளம்பினர். பத்து மணி என்பதே முதற்பிழை. அது குழந்தை உறங்கும் நேரத்துக்கு முந்தைய பொழுது. அடிவாரத்துச் சோதனைச்சாவடி அருகே வண்டிகள் வரிசையில் நின்றன. குழந்தை சிணுங்கிற்று. தாத்தா கதவைத் திறந்து இறக்கிவிட்டார். சாலையிலிருந்து விலகிய புளியமர நிழலில் அவள் குந்தி, ஒரு கூழாங்கல்லை எடுத்தாள், போட்டாள், மறுபடி எடுத்தாள். ஒரு காய்ந்த புளியம்பழத் தோட்டை எடுத்துத் தாத்தாவின் கையில் வைத்துவிட்டு, மற்றொன்று தேடிச் சென்றாள். கால் மணி நேரம் இப்படிக் கழிந்தது. வரிசை நகர்ந்ததும், "வாம்மா, மலைக்குப் போகலாம்" என்று தூக்கியபோது அழுதாள். அந்நாளின் முதல் அழுகை அது, கடைசியும் அன்று.

ஏற்றத்தில் வாந்தி எடுத்தவர் பாட்டி. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பயணக் குமட்டல் அரிது என்பதும், அதற்குமேல் பன்னிரண்டு வயது வரை மிகுதி என்பதும் மருத்துவர் கூற்று. ஆகவே பெரிய பேரன் உடன் வந்திருந்தால் அவனும் பாட்டிக்குத் துணையாகியிருப்பான். குழந்தைக்கு வேறு தொல்லை. சேலம் நகரம் கடல்மட்டத்துக்கு மேல் 280 மீட்டர் அளவில் உள்ளது. ஏற்காடு 1,500 மீட்டருக்கு மேல். முக்கால் மணி நேரத்தில் 1,200 மீட்டர் ஏறினால் காது அடைக்கும். பெரியவர்கள் எச்சில் விழுங்குவர்; குழந்தைக்கு அது தெரியாது, காதைப் பிடித்துக்கொண்டு வீறிடும். வளைவுகளில் சிறிது பால் கொடுத்தாலோ தண்ணீர் உறிஞ்சச் செய்தாலோ அடைப்பு நீங்கும். ஒரு கிலோமீட்டர் உயரத்துக்கு ஆறரை பாகை அளவில் வெப்பம் குறைவது இயற்கை என்பதால், கீழே பருத்திச் சட்டையில் வியர்த்த குழந்தை மேலே நடுங்கும். கம்பளிச் சட்டை வண்டியின் பின்பெட்டியில், எல்லாப் பைகளுக்கும் அடியில் இருந்தது. அது எப்போதும் அங்கேதான் இருக்கும்.

படகுத் துறையில் நீண்ட வரிசை. குழந்தை தோளில் உறங்கிவிட்டது. பகோடா முனையில் பெரியவர்கள் பள்ளத்தாக்கைப் பார்த்தனர், குழந்தை உறங்கியது. நிழற்படத்துக்காக எழுப்பினர், அழுதது. மாலை இறங்கும்போது மருமகள் சொன்னாள்: "அத்தை, இன்றைக்கு இவள் சிரித்தது அடிவாரத்தில் மட்டும்தான்." பாட்டி எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே, "எனக்கும் அங்கேதான் உடம்பு நன்றாக இருந்தது" என்றார்.

அந்த ஒரு சொல்லாடலில் அவ்வீட்டின் ஞாயிற்றுக்கிழமைகள் மாறின.

அடுத்த முறை அவர்கள் மலையேறவில்லை. அடிவாரத்துக்கு அருகே, சேர்வராயன் மலையின் கீழ்ச்சரிவில் குரும்பப்பட்டி உயிரியல் பூங்கா இருக்கிறது. 1981ஆம் ஆண்டில் சிறிய அளவில் தொடங்கப்பெற்று, வனத்துறையின் பராமரிப்பில் வளர்ந்தது. சேலத்துப் பிள்ளைகள் முதன்முதலில் புள்ளிமானையும் கடமானையும் மயிலையும் முதலையையும் பார்ப்பது பெரும்பாலும் அங்கேதான். வாராந்தர விடுமுறை நாளை முன்பே கேட்டறிந்து செல்வது நன்று; மூடிய வாயிலின் முன் நிற்கும் குழந்தைக்குக் காரணம் சொல்லி விளக்க முடியாது.

இவ்விடத்தில் அவ்வீட்டில் ஒரு மனத்தாங்கல் எழுந்தது. இத்தகைய பல வீடுகளில் அது எழுவதுண்டு. "அடைத்து வைத்த உயிரைக் காட்டிப் பிள்ளைக்கு என்ன கற்றுத்தரப் போகிறீர்கள்?" என்று பாட்டி கேட்டார். கேள்வி நியாயமானது. தில்லியில் செங்கோட்டைக்கு எதிரே உள்ள ஜைன ஆலயத்தின் பறவை மருத்துவமனையில், குணமான பறவையைக் கொண்டுவந்தவரிடமே திருப்பித் தருவதில்லை, வானத்தில் விட்டுவிடுகின்றனர். அந்த மரபில் வளர்ந்தவர்க்குக் கம்பிவேலி உறுத்தத்தான் செய்யும். மகன் வேறு வகையில் விடை கூறினான். மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் 1992இல் அமைந்த பிறகு விலங்கின் இடவசதி, உணவு, மருத்துவம் ஆகியவற்றுக்கு விதிகள் வந்துள்ளன. காட்டில் விடமுடியாத நிலையில் மீட்கப்படும் விலங்குக்கும் புகலிடம் வேண்டும். மானை ஒருமுறை கண்ணால் கண்ட பிள்ளைதான் மானுக்காகப் பின்னாளில் பேசும் என்றான். பாட்டி ஒப்புக்கொண்டார் என்று சொல்வதற்கில்லை. உடன் சென்றார், ஆனால் கூட்டின் பக்கம் செல்லாமல், மரத்தடியில் அமர்ந்துகொண்டார். இருவர் நிலையிலும் உண்மை உண்டு. ஒரு மாலை உரையில் தீர்க்கத்தக்க வழக்கு அன்று அது.

வழக்கைத் தீர்த்தவள் பேத்தி எனலாம். மானைக் காட்டிய தாத்தாவின் விரலை அவள் பார்த்தாள். விரல் காட்டிய மானை ஒரு கணம் பார்த்தாள். பிறகு கீழே குனிந்தாள். நடைபாதையின் ஓரத்தில் ஒரு எறும்பு வரிசை சென்றுகொண்டிருந்தது. அதன்பின் அன்று முழுவதும் எறும்புதான். பாட்டி மரத்தடியிலிருந்து எழுந்து வந்து அவளருகே குந்தினார். "மிதிக்காதே கண்ணு, அதற்கும் வீடு இருக்கிறது, அம்மா காத்திருப்பாள்" என்றார். இருபது மாதக் குழந்தைக்கு அச்சொற்கள் எவ்வளவு விளங்கினவோ. ஆனால் தூக்கிய காலை அவள் வேறிடத்தில் வைத்தாள். நுழைவுச்சீட்டு வாங்கி உள்ளே சென்று எறும்பு பார்த்துத் திரும்பியதில் மகனுக்குச் சற்று வருத்தம்.

எறும்பு பார்க்க நுழைவுச்சீட்டு தேவையில்லை என்று தெரிந்ததும் மூன்றாம் பயணம் இன்னும் எளிதாயிற்று. கண்ணங்குறிச்சியில் மூக்கனேரி உள்ளது. சேர்வராயன் மலைச்சரிவில் பெய்யும் மழை வந்து சேரும் பழைய ஏரிகளுள் ஒன்று. 58 ஏக்கர் பரப்பு. குப்பையும் கழிவும் சேர்ந்து கெட்டுக் கிடந்த அதனைச் சேலம் மக்கள் குழு என்னும் அமைப்பு 2010ஆம் ஆண்டில் கையிலெடுத்துத் தூர்வாரிற்று. அள்ளிய மண்ணை வெளியே கொண்டு செல்லாமல் ஏரிக்குள்ளேயே சிறுசிறு திட்டுகளாகக் குவித்து மரம் நட்டனர். இன்று அத்திட்டுகளின் மரங்களில் நீர்க்காகமும் கொக்கும் அடைகின்றன. ஏரிக்கரைக்கு நாற்பது வயதுக்காரர் உடலிளைக்க நடப்பதற்காக வருகின்றனர். இருபது மாதக்காரி நடப்பதற்காகவே வருகிறாள். ஏரிக்கரையில் ஒரு கை எப்போதும் குழந்தையின் கையைப் பற்றியிருக்க வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. எனினும் சொல்லி வைப்பது நல்லது. கைப்பேசியில் படம் எடுக்கும் கை அந்தக் கையாக இருத்தல் கூடாது.

இப்பயணத்துக்கு அவர்கள் வண்டி எடுக்கவில்லை. மகனுக்கு அன்று கடையில் வேலை. மாமியாரும் மருமகளும் குழந்தையும் நகரப் பேருந்தில் சென்றனர். தமிழ்நாட்டில் 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லை. 2022இல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்கும் கட்டணமில்லை என்றாயிற்று. மூவர்க்கும் சேர்த்துச் செலவு சுழியம். 2015இல் பேருந்து நிலையங்களில் தாய்ப்பாலூட்டும் அறைகளும் தொடங்கப்பெற்றன. தொடங்கியதைப் போற்றும் அதே வேளையில், அவ்வறை திறந்திருக்கிறதா, தாழ்ப்பாள் உள்ளதா, உள்ளே விளக்கு எரிகிறதா என்பதைப் போகும்போதெல்லாம் பார்ப்பதும் குடிமக்கள் கடமையே.

பேருந்து வசதியாய் இருக்க, மூன்று பேர் ஒரே இருசக்கர வண்டியில் அடிவாரம் செல்லும் காட்சியும் ஞாயிறுதோறும் காணக்கிடைக்கிறது. தந்தைக்குத் தலைக்கவசம், தாய்க்குச் சில வேளை, நடுவில் நசுங்கியிருக்கும் குழந்தைக்கு ஒரு பருத்தித் தொப்பி. ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தையை இருசக்கர வண்டியில் அழைத்துச் சென்றால், ஓட்டுநரோடு பிணைக்கும் பாதுகாப்புப் பட்டையும், குழந்தையின் தலைக்குப் பொருந்தும் கவசமும் அணிவிக்க வேண்டும், வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டலாகாது என்பது 2023 பிப்ரவரி 15 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய விதி. காருக்கும் விதி உண்டு: 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி, பதினான்கு வயதுக்குட்பட்டவர் இருக்கைப் பட்டையோ குழந்தைக்குரிய தனி இருக்கையோ இன்றிப் பயணம் செய்தால் ஆயிரம் ரூபாய் தண்டம். அந்த ஆயிரத்தை அஞ்சுவோர் சிலர். மடியில் வைத்துக்கொள்வதே பாதுகாப்பு என்று மனமார நம்புவோர் பலர்; அவர்களை எண்ணியே இதனைச் சொல்ல வேண்டியுள்ளது. திடீரென வண்டி நிற்கும் கணத்தில் பத்துக் கிலோ எடையுள்ள குழந்தை பத்துக் கிலோவாக இருப்பதில்லை. எந்தத் தாயின் கையும் தாங்கமுடியாத பாரமாகிவிடுகிறது. 2024 ஏப்ரல் இறுதியில் ஏற்காட்டு மலைச்சாலையின் வளைவொன்றில் பேருந்து கவிழ்ந்து உயிர்கள் பறிபோன துயரம் சேலத்தார் மனத்தில் இன்னும் ஆறவில்லை. அவ்வளைவுகளில் கைக்குழந்தையோடு ஏறுவோர், ஏறத்தான் வேண்டுமா என்று அடிவாரத்தில் ஒருமுறை நின்று கேட்டுக்கொள்ளலாம்.

இனிக் குரங்குகள். அடிவாரத்திலிருந்து மேலே, சாலையின் கைப்பிடிச் சுவரெங்கும் அவை வரிசையாக அமர்ந்திருக்கும். நல்ல உள்ளம் படைத்த குடும்பங்கள் வண்டியை நிறுத்தி, வாழைப்பழமும் ரொட்டியும் முறுக்கும் வீசுகின்றன. குழந்தை கைகொட்டிச் சிரிக்கிறது. உயிர்க்கு உணவளித்த நிறைவோடு குடும்பம் புறப்படுகிறது. அதன்பின் நடப்பதை அக்குடும்பம் காண்பதில்லை. உணவு சாலையில் கிடைக்கும் என்று பழகிய குரங்கு காட்டுக்குள் கனி தேடுவதை விடுகிறது. அடுத்த வண்டியை நோக்கி ஓடிவருகிறது. அந்த வண்டி நில்லாமல் வருகிறது. குட்டியைச் சுமந்த தாய்க்குரங்கு சாலையில் அடிபட்டுக் கிடக்கும் காட்சியைக் கண்டவர்கள் மறுபடி பழம் வீசமாட்டார்கள். குரங்குக்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து: கையில் தின்பண்டத்தோடு நிற்கும் குழந்தை, குரங்கின் கண்ணுக்குத் தன் உயரத்தில் நிற்கும் எளிய இலக்கு. பறிக்கும் வேகத்தில் நகம் பட்டால் அன்றே மருத்துவமனைக்குச் சென்று வெறிநோய்த் தடுப்பூசி தொடங்க வேண்டும். உணவளிக்க வேண்டாம் என்று வனத்துறை வைத்திருக்கும் பலகையைக் கண்டு, தர்மத்தைத் தடுப்பதா என்று சினக்கும் பெரியவர்கள் உண்டு. கொடுப்பது போலவே, கொடாமல் விலகிச் செல்வதும் சில இடங்களில் உயிர்காப்பதாகும். பாட்டி இதனை ஏற்றார், ஒரு நிபந்தனையோடு. "வீட்டு மாடியில் சிட்டுக்குருவிக்குத் தண்ணீர் வைப்பேன், அதைத் தடுக்கக் கூடாது" என்றார். தடுப்பார் எவருமில்லை.

தின்பண்டம் என்றதும் மற்றொன்று. அடிவாரத்தில் வேகவைத்த நிலக்கடலை விற்கும். மணம் எட்டும்போதே கை நீளும். ஆனால் முழுக்கடலையும் முழுத் திராட்சையும் நான்கைந்து வயது வரை மூச்சுக்குழாயை அடைக்கக்கூடியவை. கடலையை நன்கு மசித்தும் திராட்சையை நீளவாக்கில் நறுக்கியும் தருவதே முறை. சேலத்துக்கே உரிய தட்டுவடை செட்டைப் பற்றிச் சொன்னால், அதில் சேரும் கிழங்கு வகைகளின் காரணமாக இவ்வவையின் பெரியோர் சிலர் ஏற்கெனவே அதை விலக்கியிருப்பர். குழந்தைக்கு அதன் காரமும் ஆகாது. வீட்டிலிருந்து கொண்டு செல்லும் இட்லியும் கனிந்த வாழைப்பழமும் காய்ச்சி ஆறிய நீரும் போதும். பொழுது சாய்வதற்குள் உண்ணும் வழக்கமுள்ள வீடுகளுக்கு இதில் ஒரு நன்மையும் இருக்கிறது: தாத்தாவின் உணவு நேரமும் குழந்தையின் உணவு நேரமும் ஒன்றே. நகரத்தில் மற்ற குடும்பங்கள் இரவு ஒன்பது மணிக்கு உணவகத்தில் குழந்தையை விழிக்கவைத்துக்கொண்டு தவிக்கும்போது, இவ்வீட்டில் இருவரும் ஆறரைக்கே கை கழுவியிருப்பர்.

வாரந்தோறும் அடிவாரம் செல்ல எல்லோர்க்கும் இயலாது. எஞ்சிய ஆறு நாட்கள் உள்ளன. இங்கே வேற்றுநாட்டுச் செய்தியொன்று பயன்படும். இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் ஆம்ஸ்டர்டாம் நகரில் இடிந்த மனைகளும் வெற்றிடங்களும் மிகுந்திருந்தன. 1947இல் ஆல்டோ வான் ஐக் என்ற இளம் கட்டடக் கலைஞர் ஒரு சிறு சதுக்கத்தில் மணற்குழியும், அதைச் சுற்றி அகன்ற தாழ்ந்த விளிம்பும், குழந்தைகள் தொங்கி ஆடச் சில குழாய்க் கம்பிகளும் அமைத்தார். செலவு சொற்பம். அக்கம்பக்கத்தார் தங்கள் தெருவுக்கும் வேண்டும் என்று நகராட்சிக்கு எழுதினர். 1978 வரை இவ்வாறு எழுநூறுக்கு மேற்பட்ட விளையாட்டிடங்கள் அந்த ஒரே நகரில் உருவாயின. வேலி போட்ட பெரிய பூங்காவாக அவை இல்லை. வீட்டு வாசலிலிருந்து குழந்தை நடந்து செல்லும் தொலைவில் இருந்தன.

சேலத்திலும் வெற்றிடங்கள் உண்டு. அறக்கட்டளைகளின் மண்டபங்களும் முற்றங்களும் திருமண நாளும் விழா நாளும் தவிர்ந்த பிற நாட்களில் பூட்டிக் கிடக்கின்றன. காலை ஏழு முதல் ஒன்பது வரை ஒரு முற்றத்தைத் திறந்து வைத்து, ஒரு மூலையில் ஆற்றுமணல் கொட்டி, இரவில் பூனை அசுத்தம் செய்யாதபடி அதை ஒரு தார்ப்பாயால் மூடிவைத்து, நிழலில் பெரியவர்கள் அமர இரண்டு பெஞ்சு போட்டால் ஆகும் செலவு, ஒரு விழாப் பந்தலின் மின்விளக்குச் செலவில் சிறு பகுதியாகவே இருக்கும். பொறுப்பேற்க ஆள் வேண்டும் என்பது உண்மை. அடிபட்டால் யார் பதில் சொல்வது என்ற வினாவும் உடனே எழும். அவ்வினா எழாத செயல் எதுவும் இல்லை. பந்தல் போடும்போதும் அது எழுந்ததே. அறங்காவலர்கள் அடுத்த கூட்டத்தில் இதனை எடுத்துக்கொள்வார்களாயின், பின்வரிசையில் இருப்போர் முற்றத்தைப் பெருக்கவும் மணலைச் சலிக்கவும் முறைவைத்து வருவர் என்று நம்பலாம்.

செவ்வாய்பேட்டை வீட்டின் தாத்தாவுக்கு இப்போது ஒரு புதிய பழக்கம் வந்திருக்கிறது. கடை திறக்குமுன், தெருவில் சரக்கு வண்டிகள் வருமுன், பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறார். முன்பெல்லாம் கோயிலுக்குப் பத்து நிமிடத்தில் போய்வருவார். இப்போது ஒரு மணி நேரம் ஆகிறது. பேத்தி ஒவ்வொரு வாசற்கோலத்தின் முன்னும் நிற்கிறாள். பெயர்ந்த சாக்கடைக் கல்லருகே வந்ததும் இரண்டு கையையும் உயர்த்துகிறாள். அவர் தூக்கித் தாண்டி மறுபுறம் இறக்குகிறார். அந்தக் கல்லைச் சரிசெய்யும்படி மாநகராட்சி வார்டு அலுவலகத்தில் மனு எழுதிக் கொடுத்திருக்கிறார். எழுபது வயது வரை அவர் அத்தெருவில் நடந்தவர்தான். அக்கல் பெயர்ந்திருப்பது இவ்வாண்டுதான் அவர் கண்ணில் பட்டது.